சீன எழுத்துக்கும் இனிஷியல் உண்டு

முன்பெல்லாம் தேர்தல் அறிவித்த மறுநாளே மதுரை அவனியாபுரத்தில் ரோட்டோரச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து இடம் பிடித்துவிடுவார்கள். சுண்ணாம்பு காய்ந்ததும் ஒரு சுவரில் இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன் எழும்பும்; எதிர்ச்சுவரில் இரட்டை இலை விரியும். வேட்பாளர் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கத்தான் செய்யும். அதைப் படிக்கத் தெரியாத பாட்டி, சின்னத்தைப் பார்த்துச் சரியாகக் குத்திவிட்டு வீடு திரும்புவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்த நாட்டில், 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்காகச் செய்த ஏற்பாடு அது. தேர்தல் ஆணையத்துக்காக அன்றாடப் பொருள்களைப் பென்சிலில் சின்னங்களாக வரைந்து தந்த எம்.எஸ்.சேத்தி 1992இல்தான் ஓய்வு பெற்றார். இந்தியாவில் நடந்த மிகப் பெரிய டிசைன் வேலை எது என்று கேட்டால், பெரிய கம்பெனிகளின் லோகோவை எல்லாம் விட்டுவிட்டு நான் இதைத்தான் சொல்வேன்.

சுவரில் இருந்த அந்தச் சூரியனைச் சீனர்கள் எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? நிமிர்ந்து நிற்கும் ஒரு செவ்வகம்; அதன் நடுவே ஒரு குறுக்குக்கோடு. ஆதியில் வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியுமாக இருந்தது, காலப்போக்கில் சதுரப்பட்டுவிட்டது. அந்தச் செவ்வகத்துக்கு அடியில் ஒரு கிடைக்கோடு இழுத்தால் விடியற்காலை. கோடுதான் அடிவானம். மலைக்கு மூன்று செங்குத்துக் கோடுகள், நடுவில் இருப்பது உயரம், அடியில் மூன்றையும் சேர்க்க ஒரு படுக்கைக்கோடு. கட்சிச் சின்னம் படித்த பாட்டிக்கு இந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்க ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் போதும்.

எழுத்தே படமாக இருக்கும் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர் ஷாவ்லான் சுவே. தைவான்காரர். அம்மா எழுத்தணிக் கலைஞர், அப்பா பீங்கான் கலைஞர். அவரோ கணினித் தொழில் பக்கம் போய், பிறகு லண்டனில் குடியேறினார். அங்கே வளர்ந்த தன் பிள்ளைகளுக்குச் சீன எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான், தான் படித்த முறை எவ்வளவு கொடுமையானது என்று அவருக்கு உறைத்தது. ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுது, மனப்பாடம் செய், மறந்தால் மறுபடி எழுது என்பதுதான் அந்த முறை. பிள்ளைகளுக்கு அழுகைதான் வந்தது. வேறு வழி தேடி அவர் உருவாக்கியதற்கு ‘சைனீஸி’ என்று பெயர் வைத்தார். சைனீஸ், ஈஸி இரண்டையும் ஒட்டிய பெயர். 2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் லாங் பீச்சில் நடந்த டெட் (TED) மாநாட்டு மேடையில் அவர் பேசியது ஆறே நிமிடம். அடுத்த ஆண்டு லண்டனின் தேம்ஸ் அண்ட் ஹட்சன் நிறுவனம் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. படங்கள் நோமா பார். ஒரு முகத்தின் நிழலுக்குள் இன்னொரு உருவத்தை ஒளித்துவைக்கும் ஓவியர் என்று பத்திரிகை உலகில் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்.

அந்தப் படங்களின் சூட்சுமம் எளிமையானது. எழுத்தின் கருப்புக் கோட்டை நோமா பார் வளைப்பதில்லை, நெளிப்பதில்லை. கோடு அப்படியே இருக்கும். அதைச் சுற்றியும் அதற்குள்ளும் வண்ணத்தில் படம் வளரும். படத்தைப் பார்த்துப் பழகிய கண், வண்ணத்தை எடுத்துவிட்டாலும் அச்சில் உள்ள எழுத்தை அடையாளம் காண வேண்டும் என்பதுதான் நோக்கம். நம் பாலர் பாடப்புத்தகத்தில் அம்மா படம் ஒரு பக்கம், அ என்ற எழுத்து ஒரு பக்கம் தனித்தனியாக நிற்கும். அம்மாவுக்கும் அந்த எழுத்தின் வளைவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சீன எழுத்தில் அந்தச் சம்பந்தம் இருக்கிறது, குறைந்தபட்சம் சில நூறு எழுத்துகளில்.

மரம் ஒன்று போதும்

மரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படுக்கைக்கோடு, அதை வெட்டிக்கொண்டு இறங்கும் ஒரு செங்குத்து, சேரும் இடத்திலிருந்து இரு பக்கமும் சரியும் இரண்டு இழுப்புகள். நான்கே கோடு. உச்சரிப்பு ‘மு’. பக்கத்தில் இன்னொரு மரம் நட்டால் தோப்பு. மேலே ஒன்று, கீழே இரண்டு என்று மூன்று மரமானால் பெருங்காடு. அடிமரத்தில் சின்னதாக ஒரு கோடு கிள்ளினால் வேர். மரத்தின் இடப்பக்கம் ஓர் ஆளைச் சாய்த்துவிட்டால் ஓய்வு. மே மாத வெயிலில் அவனியாபுரம் விமான நிலைய ரோட்டில் நடந்து வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நாலு பக்கமும் சுவர் எழுப்பி மரத்தை உள்ளே அடைத்தால் இக்கட்டு. அதே சுவருக்குள் ஆளை அடைத்தால் கைதி.

ஷாவ்லான் மேடையில் இப்படி எட்டு எழுத்துகளைத்தான் எடுத்துக்கொண்டார். வாய், ஆள், நெருப்பு, மரம், மலை, சூரியன், சந்திரன், கதவு. அவற்றைச் சேர்த்தும் அடுக்கியும் முப்பதுக்கு மேல் கொண்டுபோய்விட்டார். சீனப் பண்டிதருக்கு 20,000 எழுத்து தெரியலாம். அடிப்படைக்கு ஆயிரம் போதும். அதிகம் புழங்கும் 200ஐத் தெரிந்துகொண்டாலே சாதாரண எழுத்தில் நூற்றுக்கு நாற்பது பிடிபடும் என்பது அவர் சொன்ன கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாக்கியத்தில் பத்துச் சொல்லுக்கு நாலு சொல் தெரிந்தால் நடப்பு என்ன என்று, தெலுங்குப் படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நெருப்புக்கு அவர் சொன்ன கதை மேடையில் சிரிப்பை வரவழைத்தது. ஆளைக் குறிக்கும் எழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு சிறு கோடு போட்டால் நெருப்பு. தீப்பிடித்த ஆள் இரண்டு கையையும் ஆட்டி ‘காப்பாத்துங்க’ என்று கத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். உண்மையில் அது தீச்சுடரின் வடிவத்திலிருந்து வந்தது, எனக்கு இப்படி நினைத்துக்கொள்ளப் பிடிக்கும் என்று அவரே அங்கேயே சொல்லியும்விட்டார். நேர்மையான பேச்சு. அதே சமயம், இந்த முறையின் பலவீனமும் அதே பேச்சில்தான் இருக்கிறது. ஞாபகத்துக்காகச் சொல்லும் கதைக்கும் எழுத்தின் சொந்தக் கதைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

கதவுக்குள் வாய்

கதவுக்கு ‘மென்’ என்று பெயர். வாசற்படியின் மூன்று பக்கச் சட்டம் மாதிரி எழுத்து. அதற்குள் ஒரு வாயை வைத்தால் ‘கேள்’ என்று பொருள். கதவைத் தட்டி ‘யாருங்க வீட்ல’ என்று ஒருவர் விசாரிப்பதாகப் படம் போடலாம். அழகாகவே இருக்கும். ஆனால் அந்த எழுத்தின் உச்சரிப்பு ‘வென்’. கதவு அங்கே வந்து நிற்பது ‘மென்’ என்ற தன் ஓசையைக் கடன் கொடுக்க. பொருளைச் சொல்வது உள்ளே இருக்கும் வாய் மட்டும். அதே கதவுக்குள் காதை வைத்தால் செவிமடுத்தல். அதன் உச்சரிப்பும் ‘வென்’தான். படக்கதையை மட்டும் படித்த மாணவர், வாய் பேசும், காது கேட்கும், கதவு ஏன் இரண்டிலும் வருகிறது என்று யோசித்து, இரண்டுக்கும் இரண்டு கதை ஜோடித்துக்கொண்டிருப்பார்.

சீன எழுத்துகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் இந்த வகைதான். பாதி பொருளுக்கு, பாதி ஓசைக்கு. இதை முதலில் வகுத்து எழுதியவர் ஷு ஷென். கி.பி. 100 வாக்கில் அவர் தொகுத்த அகராதியில் 9,353 எழுத்துகள். எல்லாவற்றையும் 540 குடும்பங்களாகப் பிரித்தார். 1716இல் காங்ஷி பேரரசர் காலத்தில் வந்த பேரகராதியில் எழுத்துகள் 47,000ஐத் தாண்டிவிட்டன. குடும்பங்களோ 214 ஆகக் குறைந்துவிட்டன. இந்தக் குடும்பக் குறியைத் தமிழ்நாட்டுக்காரருக்கு விளக்குவது சுலபம். அது எழுத்தின் இனிஷியல். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் அப்பாவின் முதலெழுத்து எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறது. கூப்பிடுவதற்குப் பெயர் தனியாக இருக்கிறது.

‘ச்சிங்’ என்று ஒலிக்கும் ஓர் எழுத்து இருக்கிறது. பச்சை, நீலம் இரண்டுக்கும் பொது. அதற்கு முன்னால் தண்ணீர்க் குறியான மூன்று துளி போட்டால் தெளிந்த நீர். சூரியனைப் போட்டால் மேகமில்லாத வானம். நெஞ்சைப் போட்டால் உணர்வு. பேச்சுக் குறியைப் போட்டால் ‘தயவுசெய்து’. நாலும் ‘ச்சிங்’தான், சுருதி மட்டும் ஏறி இறங்கும். ஒரே பெயர், நாலு இனிஷியல். இந்த ஒரு குடும்பத்தை ஒரே பக்கத்தில், ஓசைப் பகுதியை ஒரே நிறத்திலும் இனிஷியலை வேறு வேறு நிறத்திலும் அச்சிட்டுக் காட்டுகிற டிசைனர், நாற்பது அழகான ஓவியம் போட்டவரைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தவர் ஆவார்.

குதிரைக் குடும்பம் இன்னும் தமாஷ். குதிரை சீனத்தில் ‘மா’. (பழந்தமிழிலும் குதிரைக்கு மா என்று பெயர் உண்டு, தற்செயல்தான், ஆனால் நமக்கு மறக்காது.) குதிரைக்கு முன் பெண் குறி வந்தால் அம்மா. அம்மா குதிரை மாதிரி உழைக்கிறாள் என்று சிலர் இதற்கு உருக்கமாகக் கதை சொல்வார்கள். அம்மாக்கள் அப்படித்தான் உழைக்கிறார்கள்; எழுத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. குதிரை வந்தது ‘மா’ என்ற சத்தத்துக்காக. பூச்சிக் குறி வந்தால் எறும்பு. வாய்க் குறி வந்தால் கேள்வி கேட்கும் விகுதி, நம் ‘வந்தானா’வில் வரும் ஆ மாதிரி. எறும்புக்கும் கேள்விக்கும் குதிரையை வைத்து யார் கதை சொல்வது?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சீன மொழிப் பேராசிரியர் விக்டர் மெய்ர் 2014இல் ஷாவ்லானின் படமுறையைக் கடுமையாகவே விமர்சித்தார். பேச்சு முதலில், எழுத்து பிறகு என்பது அவர் நெடுநாளாகச் சொல்லிவரும் கொள்கை. எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. சீன எழுத்தைக் கண்டதும் ஓடுகிற ஆளை நிறுத்தி உட்காரவைக்க ஷாவ்லானால் முடிந்தது. உட்கார்ந்தவருக்கு அடுத்து என்ன பரிமாறுவது என்பதில்தான் கோளாறு.

கை படிக்கும் பாடம்

படமுறை விட்டுவிட்ட இன்னொரு விஷயம் கை. சீனாவில் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி நோட்டில் கோடு இருக்காது, கட்டம் இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் புள்ளிக்கோட்டில் ஒரு கூட்டல் குறி. மரத்தின் செங்குத்து அந்த நடுக்கோட்டில்தான் இறங்க வேண்டும். எழுதும் வரிசைக்கும் சட்டம் உண்டு. படுக்கைக்கோடு முதலில், செங்குத்து பிறகு. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். சுவருக்குள் ஆளை அடைக்கும்போது மூன்று சுவர் எழுப்பி, ஆளை உள்ளே எழுதி, கடைசியில்தான் அடிச்சுவரைப் பூச வேண்டும். ‘யோங்’ என்று ஓர் எழுத்து, என்றென்றும் என்று பொருள். தூரிகைக்குத் தேவையான எட்டு வகை இழுப்பும் அதில் இருப்பதால், எழுத்தணி பழகுகிறவர்கள் காலங்காலமாக அதையே எழுதி எழுதிக் கையைப் பழக்குகிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுதவைத்த நம் வாத்தியார்களுக்கு இந்த விஷயம் புத்தகம் படிக்காமலே தெரிந்திருந்தது.

இதே கட்டத்தை வைத்து ஒரு குறும்பு செய்தவர் ஷு பிங். 1955இல் பிறந்த சீன ஓவியர். தொண்ணூறுகளில் கண்காட்சிக் கூடத்துக்குள் பெஞ்சு, தூரிகை, மை, பயிற்சி நோட்டு எல்லாம் வைத்து ஒரு வகுப்பறையே அமைத்தார். வந்தவர்கள் சீன எழுத்து கற்கிறோம் என்று பயபக்தியோடு எழுதிப் பார்த்தால், கட்டத்துக்குள் இருப்பது ஆங்கிலச் சொல். ஆங்கில எழுத்துகளைச் சீனத் தூரிகை இழுப்பில் உடைத்து, ஒரு சொல்லை ஒரு சதுரத்துக்குள் அடுக்கியிருந்தார். படமே கிடையாது. இருந்தும் எழுதி முடித்தவர்களுக்குச் சீன எழுத்தின் கட்டுமானம், எது எங்கே உட்கார வேண்டும் என்ற ஒழுங்கு, கைவழியாக ஏறிவிட்டது.

கற்பதை எளிதாக்க எழுத்தையே சீர்திருத்துவதிலும் நமக்கும் அவர்களுக்கும் ஒரே காலத்து அனுபவம். சீன அரசு 1956இல் எழுத்துகளைச் சுருக்கும் திட்டத்தை அறிவித்தது. சிங்கப்பூர் 1969இல் தனக்கென ஒரு பட்டியல் போட்டது. 1976இல் சீனாவின் வடிவங்களையே முழுதாக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் பெரியார் 1935 முதல் தன் பத்திரிகைகளில் கையாண்ட மாற்றங்களை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் புது வடிவம் பெற்றன. சுழித்தும் தும்பிக்கை போட்டும் இருந்தவை போய், மற்ற எழுத்துகளுக்குரிய காலும் சங்கிலியும் வந்தன. ஒரு குறியை ஒரு தடவை கற்றால் எல்லா இடத்திலும் செல்லுபடியாக வேண்டும் என்பதே அதன் தர்மம்.

கட்டட வேலைக்கு ஒரு பாலபாடம்

இதெல்லாம் அவனியாபுரத்துக்கு எதற்கு? ஊரை ஒட்டித்தான் மதுரை விமான நிலையம். சுற்றுவட்டாரத்துப் பையன்கள் வெல்டிங், எலெக்ட்ரிக்கல் என்று படித்துவிட்டுச் சிங்கப்பூர் போகிறார்கள். அங்கே ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கும் ஆட்சிமொழி. கட்டடம் எழும்பும் இடத்து எச்சரிக்கைப் பலகையில் ‘ஆபத்து’ என்று தமிழும் அதற்குப் பக்கத்திலேயே சீனமும் இருக்கும். (சில பலகைகளில் கம்ப்யூட்டர் கோளாறால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று தமிழ் சிதறிக் கிடப்பதும் உண்டு. தமிழ் தெரியாத ஒருவர் அதைப் படமாகப் பார்த்துச் சரி என்று நினைத்திருப்பார்.) வருடக்கணக்காகத் தினமும் பார்க்கிற சீன எழுத்து, ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. ஓர் ஆளுக்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் யார் இலவசமாகத் தருவார்கள்?

தமிழருக்கும் சீன எழுத்துக்கும் அறிமுகம் புதிதும் இல்லை. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281 சித்திரையில் சம்பந்தப்பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்த செய்தியைத் தமிழில் வெட்டிய கல்லில், அடிவரி சீனத்தில் இருக்கிறது. 1409 தேதியிட்ட காலி நகரக் கல்வெட்டைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்து நட்டார். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். 1911இல் காலி நகரில் ஒரு சாக்கடைப் பாலத்துக்கு மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து 1963 ஆகஸ்டில் தமிழ் வானொலி தொடங்கியபோது, தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீனர்கள் நம்மிடம் ‘நேயர்களே’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் நம் எழுத்தைக் கற்றார்கள். நாம்தான் பாக்கி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தபோது, அ, ஆ என்ற வரிசையில் போகாமல் அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொல்லிலிருந்து ஆரம்பித்தார்கள். சீன எழுத்துக்குத் தமிழில் ஒரு புத்தகம் வந்தால் அதுவும் சூரியன், சந்திரன் என்று தொடங்கக் கூடாது. முதல் பக்கத்தில் ‘குங்’ வரட்டும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் ஒரு தூண். தச்சனின் கருவியிலிருந்து வந்தது என்பார்கள். நம் பையன்களுக்கு அது குறுக்கே அறுத்த ஐ-பீம். பொருள், வேலை. பக்கத்தில் ஆளை நிறுத்தினால் ‘குங் ரென்’, தொழிலாளி. ஓர் ஆள் அங்கே தன்னைக் குறிக்கும் சொல்லை முதல் நாளே வாசித்துவிடலாம்.

அடுத்து ‘ச்சூ கொவ்’, வெளியே போகும் வழி. ‘கொவ்’ என்பது வாய், வெறும் சதுரம். ‘ரூ கொவ்’ உள்ளே போகும் வழி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆளைக் குறிக்கும் ‘ரென்’னும் நுழைவைக் குறிக்கும் ‘ரூ’வும் இரண்டே கோடு, இரண்டும் கூரை மாதிரி. ஆளில் இடக்கோடு உச்சிவரை போகும், வலக்கோடு அதன் மேல் சாயும். நுழைவில் வலக்கோடுதான் உச்சி தாண்டி வளையும். நம் ரகரத்தையும் துணைக்காலையும் கையெழுத்தில் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இது பெரிய பாடு இல்லை. ஆனால் பெரிய எழுத்தில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் உள்ள நுனியை மட்டும் சிவப்பில் காட்ட வேண்டும். ‘சின்ன’, ‘நெஞ்சு’ இரண்டும் சேர்ந்தால் ‘ஷியாவ் ஷின்’, கவனம். தீயணைப்பு உருளையில் முதல் எழுத்து இன்னும் ஜோர். நெருப்பின் தலையில் ஒரு கோடு, மூடி போட்டு அமுக்கியது போல. அணை என்று பொருள். பழைய வடிவத்தில் தண்ணீரும் இன்னும் என்னென்னவோ இருந்தன; சுருக்கியதில் கிடைத்த லாபம் இது.

இவ்வளவும் கண்ணுக்கு. காதுக்கு வரும்போதுதான் தமிழில் புத்தகம் போடுகிறவருக்கு வேலை ஆரம்பிக்கிறது. சீனத்தில் அப்பா ‘பா’, பயமும் ‘பா’. சுருதியும் இரண்டுக்கும் ஒன்றே, மேலிருந்து கீழே வெட்டி இறங்கும் நாலாம் சுருதி. வித்தியாசம், பயத்தைச் சொல்லும்போது உதட்டிலிருந்து மூச்சு வெடித்து வர வேண்டும்; அப்பாவுக்கு வேண்டியதில்லை. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுத்தாளைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தால் தெரியும்: பயத்தில் தாள் ஆடும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப தான். இந்தச் சிக்கலுக்கு நம் அச்சகங்கள் முன்பே ஒரு வழி கண்டிருக்கின்றன. சம்ஸ்கிருத சுலோகங்களைத் தமிழில் அச்சிடும்போது ப², ப³ என்று தோளில் எண் போடுவார்கள். சுலோகப் புத்தகம் வைத்துப் பாராயணம் செய்கிறவர்களுக்கு அந்த எண் கண்ணில் பழகியது. ப² என்றால் மூச்சோடு வரும் பகரம்தான். பயத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சுருதிக்கும் எண்ணையே போட்டால் இரண்டு எண்ணும் மோதிக்கொள்ளும். ஆகவே சுருதிக்குக் கோடு: தட்டையாக ஒன்று, ஏறுவதாக ஒன்று, குழிந்து எழுவதாக ஒன்று, இறங்குவதாக ஒன்று. 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் முறையில் ரோமன் எழுத்துக்கு மேல் போடுவது இந்தக் கோடுகளைத்தான். தமிழில் மேலே போட்டால் கி, கீ போன்றவற்றின் விசிறியில் இடிக்கும். கீழே போட்டால் மு, ரூ ஆகியவற்றின் வளைவில் மாட்டும். எழுத்துக்கு வலப்பக்கம், பாதி உயரத்தில், வேறு நிறத்தில் போட்டுப் பார்க்கலாம் என்பது என் யோசனை. இரண்டு நிற அச்சு என்றால் செலவு கூடும். அதற்கு மதுரையில் ஒரு நல்ல பதிப்பாளரும் கையெழுத்து நோட்டில் கட்டம் போடத் தெரிந்த ஒரு டிசைனரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.